400 மீட்டர் ஓடுதளம், கால் மணி நேரப் பயணம்: சாபா தீவு விமான நிலையம்

சாபா விமான நிலையம் என்று தேடினால் யூடியூபில் வந்து விழுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே ரகம். "உலகின் ஆபத்தான விமான நிலையம்" என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு, பின்னணியில் பேய்ப்பட இசை, ஓடுதளம் முடியும் இடத்தில் ஒரு அம்புக்குறி. போய் இறங்கிவிட்டு வந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த இறக்கத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டிய இடம் அதற்கு முன்னால், பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டனில் விமானம் மாறும்போது வருகிறது. அதைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

சாபா என்பது கரீபியன் கடலில் 13 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள எரிமலைத் தீவு. நெதர்லாந்தைச் சேர்ந்தது, மக்கள் தொகை சுமார் இரண்டாயிரம். நடுவில் மவுண்ட் சீனரி என்ற மலை 870 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது, தட்டையான தேசம் என்று நாம் நினைக்கிற நெதர்லாந்து ராஜ்ஜியத்துக்கே இதுதான் மிக உயரமான சிகரம். இப்படிப்பட்ட தீவில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள வடகிழக்கு மூலையில் ஃப்ளாட் பாயின்ட் என்ற துண்டு நிலம் ஒன்று இருக்கிறது, எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த இடம். அதன்மேல்தான் ஹுவான்ச்சோ இரௌஸ்குவின் விமான நிலையம். ஓடுதளத்தின் நீளம் 400 மீட்டர். நம் மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளம் 3,658 மீட்டர், அதாவது இதைப்போல ஒன்பது மடங்கு. சாபாவில் இரண்டு முனையிலும் பாறை கடலுக்குள் இறங்கிவிடுகிறது, பக்கத்தில் மலை. பயணிகள் விமானம் வழக்கமாக வந்துபோகிற ஓடுதளங்களில் உலகத்திலேயே குட்டி இதுதான் என்கிறார்கள். முனைகளில் பெரிய பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அனுமதி இல்லாத விமானங்களுக்கு மூடப்பட்டது என்று அதற்கு அர்த்தம், நாம் போகும் விமானத்துக்கு இல்லை, மேலிருந்து பார்த்துப் பதற வேண்டாம்.

எங்களுக்கு அங்கே என்ன வேலை என்றால், அக்கா பையன் அங்கே மருத்துவம் படிக்கிறான். அமெரிக்கா, கனடாவிலிருந்து நிறையப் பேர் வந்து படிக்கிற கல்லூரி ஒன்று அந்தத் தீவில் இருக்கிறது. அக்காவுக்கு அவனை ஒரு நடை பார்க்காமல் தூக்கம் வரவில்லை, எனக்கு விமானப் பைத்தியம், நங்கநல்லூரில் மொட்டைமாடியில் நின்று விமானம் எண்ணி வளர்ந்தவன். இரண்டு பேர் காரணமும் ஒரே டிக்கெட்டில் சேர்ந்துகொண்டது.

சென்னையிலிருந்து போக எப்படியும் ஐரோப்பா வழிதான் வசதி. ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ பாரிஸிலிருந்தோ சின்ட் மார்ட்டனுக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து வின்ஏர் என்ற உள்ளூர் விமான நிறுவனத்தின் குட்டி விமானத்தில் சாபா. டிக்கெட் போட்டுக் கொடுத்த தி.நகர் ஏஜென்ட், அட்லாண்டிக் தாண்டி வருகிற விமானத்துக்கும் சாபா விமானத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம்கூட விடவில்லை. இரண்டும் தனித்தனி டிக்கெட் வேறு. அப்படியென்றால் குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி வரும்வரை பெல்ட் முன்னால் தவம் கிடந்து, மறுபடி கவுண்டருக்குப் போய்ப் பெட்டியைப் போட்டு, மறுபடி பாதுகாப்புச் சோதனை. எங்கள் பெட்டி பெல்ட்டில் வருவதற்குள் சாபா விமானம் புறப்பட்டுவிட்டது. அன்றைய கடைசி விமானமும் அதுதான். போன் போட்டுக் கேட்டால், "சிஸ்டம்ல வேலிட் கனெக்‌ஷன்னுதான் சார் காட்டுது" என்கிறார். சிஸ்டம் வந்து எங்களுக்கு ஓட்டல் வாடகை கட்டவில்லை. ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன், குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி வையுங்கள், மாலையில் வந்து இறங்குவதாக இருந்தால் அன்று சின்ட் மார்ட்டனிலேயே தங்கிவிடுகிற மாதிரி திட்டம் போடுங்கள். சாபாவுக்குப் பகலில்தான் விமானம், இருட்டிவிட்டால் கதை முடிந்தது.

சின்ட் மார்ட்டன் விமான நிலையத்தைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. மாஹோ கடற்கரையில் குளிக்கிறவர்கள் தலைக்கு மேலேயே ஜெட் இறங்குகிற படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. 2017-ல் இர்மா புயல் அந்த முனையத்தைச் சின்னாபின்னமாக்கி, வெகு நாள் கூடாரத்தில் வைத்தெல்லாம் ஓட்டினார்கள். இப்போது புதுப்பித்த கட்டடம், நன்றாகவே இருக்கிறது. அவ்வளவுதான், சாபாவுக்கு வருவோம்.

விமானம் ட்வின் ஓட்டர். மாலத்தீவுக்குத் தேனிலவு போனவர்கள் கடல்மேல் இறங்குகிற விமானத்தில் ஏறியிருந்தால் அநேகமாக இதே விமானம்தான், சக்கரத்துக்குப் பதில் மிதவை மாட்டியது. எவரெஸ்ட் அடிவாரம் போகிறவர்கள் நேபாளத்தின் லுக்லாவில் இறங்குவதும் பெரும்பாலும் இதில்தான். கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்தது, முதலில் பறந்தது 1965-ல், 19 இருக்கை. உள்ளே ஏறியதும் அக்கா, "டேய், என்னடா இது மினி பஸ்ஸாட்டம் இருக்கு?" என்று கேட்டாள். அதற்கு மேல் வர்ணிக்க எனக்கு ஒன்றும் இல்லை. குனிந்துதான் நடக்க வேண்டும். தலைக்கு மேல் பை வைக்கத் தட்டு கிடையாது, கழிவறை கிடையாது, விமானிகள் இருக்கும் இடத்துக்கும் நமக்கும் நடுவில் கதவும் கிடையாது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். இந்த விமானத்தில் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோல் மேற்கூரையிலிருந்து தொங்கும், விமானி கையை மேலே தூக்கி அதைப் பிடித்திருப்பார். கடைசி நிமிடம் வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்காரலாம். முன்வரிசை கிடைத்தால் விடாதீர்கள். இல்லையென்றால் போகும்போது வலதுபக்க ஜன்னல், மலை அந்தப் பக்கம்தான் வரும். இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே மறைக்காது.

பறப்பது கால் மணி நேரம்கூட ஆகாது. ஏறி, சத்தத்துக்குக் காது பழகுவதற்குள் முன்கண்ணாடியில் மேகத் தொப்பி போட்ட மலை ஒன்று பெரிதாகிக்கொண்டே வருகிறது. விமானம் நேராக அந்தப் பாறைச் சுவரை நோக்கிப் போகிற மாதிரி இருக்கும், ஓடுதளம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் ஒரு சாய்ப்பு, எதிரில் சின்னதாக ஒரு கறுப்புக் கோடு, அப்புறம் சக்கரம் தொடுகிறது, எஞ்சின் உறுமுகிறது, உடம்பு முன்னால் தள்ளப்படுகிறது, நின்றுவிட்டது. அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, "அவ்வளவுதானா?" என்றாள். "அவ்வளவுதான்க்கா" என்றேன். எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஏன் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று யோசித்தால் காரணம் புரியும். இந்த விமானம் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவு வேகத்தில் தரையைத் தொடக்கூடியது, நம் மீனம்பாக்கத்தில் இறங்குகிற ஜெட் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் வரும். கரீபியனில் வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து வணிகக்காற்று வீசுகிறது, ஓடுதளம் கிட்டத்தட்ட அதை எதிர்த்துப் பார்த்தபடி அமைந்திருப்பதால் எதிர்க்காற்று தரைமேல் போகும் வேகத்தை இன்னும் குறைத்துவிடும். தொட்டதும் விசிறி இலைகளின் கோணத்தைத் திருப்பிக் காற்றை முன்பக்கமாகத் தள்ளுகிறார்கள், பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். இதற்கென்று தனிப் பயிற்சி எடுத்த விமானிகள்தான் இங்கே ஓட்ட முடியும், ஜெட்டுக்கு இடமே இல்லை. இது எல்லாம் சேர்ந்தால் 400 மீட்டர் போதும். காற்று எல்லை மீறினால் துணிச்சல் காட்டுவதில்லை, பேசாமல் ரத்து செய்துவிடுகிறார்கள். தீவில் "சாபா இறக்கத்தில் உயிர் பிழைத்தேன்" என்று அச்சடித்த டி-ஷர்ட் விற்கிறார்கள், அது வியாபாரம், நானும் ஒன்று வாங்கினேன்.

நிலையம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சின்னக் கட்டடம், அதிலேயே கவுண்டர், குடியேற்றம், எல்லாம். படியில் இறங்கி நடந்தே உள்ளே போகிறோம், நம்மைப் பார்த்து நிஜமாகவே வணக்கம் சொல்கிறார்கள், பெட்டி சில நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் இங்கே மறுபடி முத்திரை. 2010 அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து ஆன்டிலிஸ் என்ற கரீபியன் தீவுகளின் கூட்டமைப்பு கலைக்கப்பட்டபோது சின்ட் மார்ட்டன் நெதர்லாந்து ராஜ்ஜியத்துக்குள் தனி நாடாகிவிட்டது, சாபா நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாகிவிட்டது. நெதர்லாந்துதானே என்று ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகிற கணக்குப் போடாதீர்கள், சாபா அந்தப் பகுதிக்குள் வராது. விசா விதியைப் புறப்படும் முன்பே தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் அமெரிக்க டாலர்.

இந்த இடத்தின் கதையை அங்கே போகும் முன் படித்துவிட்டுப் போனால் நல்லது. ஒரு காலத்தில் சாபாவுக்கு வருகிறவர்கள் படகிலிருந்து பாறையில் குதித்து, லேடர் பே என்ற இடத்தில் செதுக்கிய சுமார் 800 படிகளில் ஏற வேண்டும். மூட்டை முடிச்சு, மேசை நாற்காலி எல்லாமே தலைச்சுமைதான். இங்கே சாலை போட முடியாது என்று வெளியிலிருந்து வந்த பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். உள்ளூர்க்காரர் ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசல் தபால்வழியில் பொறியியல் படித்துவிட்டு, ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு 1938-ல் வேலையை ஆரம்பித்தார். 1943-ல் முதல் பகுதி தயார், தீவுக்கு முதல் ஜீப் வந்தது 1947-ல். விமானமும் அப்படித்தான். பக்கத்துச் செயின்ட் பார்ட்ஸ் தீவின் ரெமி டி ஹேனன் என்ற விமானி ஃப்ளாட் பாயின்டைப் பார்த்து இறங்கலாம் என்றார், ஊர்க்காரர்கள் கல்லைக் கையால் பொறுக்கித் தரையைச் சமன் செய்தார்கள், 1959-ல் அவர் இறங்கிக் காட்டினார். முறையான ஓடுதளம் 1963-ல் திறந்தது. ட்வின் ஓட்டர் பறந்ததே அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் என்பதைக் கவனியுங்கள், ஓடுதளத்தைப் போட்டுவிட்டு அதற்கேற்ற விமானம் பிறக்கக் காத்திருந்த மாதிரி. நிலையத்திலிருந்து மேலே போகும் வளைவுச் சாலையில் டாக்ஸி ஓட்டுநர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஹார்ன் அடித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டது அங்கேதான், விமானத்தில் இல்லை.

சரி, குறை. விலை. கால் மணி நேரப் பறப்புக்கு நாம் சென்னையிலிருந்து டெல்லி போகிற காசு ஆகிறது. 19 இருக்கை விமானம், ஒரு நாளைக்கு ஒரு சில நடை, அந்தக் கணக்கு புரிகிறது, ஆனாலும் டிக்கெட் எடுக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. அடுத்தது எடை. குட்டி விமானம், குட்டி ஓடுதளம் என்பதால் சுமையில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், எடை கூடிவிட்டால் பெட்டி அடுத்த விமானத்தில் வரும் என்பது இந்த மாதிரித் தடங்களில் சகஜம். ஆகவே மாத்திரை, ஒரு மாற்றுத் துணி இரண்டையும் மடியில் வைக்கிற பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டிராலியைக் கேபினுக்குள் கொண்டுபோகலாம் என்று நினைக்கவே வேண்டாம். அக்கா பையனுக்காகப் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு என்று ஒரு பெட்டியையே ரொப்பியிருந்தாள், கவுண்டரில் அதைத் தராசில் ஏற்றும்போது எனக்கு விமானம் இறங்குவதைவிட அதிகமாக நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்லவேளை, வந்து சேர்ந்தது.

மதிப்பெண் கேட்டால் நிலையத்துக்கு ஐந்துக்கு ஐந்து, விமானச் சேவைக்கு மூன்றரை, அந்த ஒன்றரையும் விலைக்காகக் கழித்ததுதான். நேரத்துக்குப் புறப்பட்டார்கள், பேச்சு மரியாதையாக இருந்தது.

பெட்டி நிறைய இருந்தால், இல்லை உயரமே ஆகாது என்றால், சின்ட் மார்ட்டனிலிருந்து ஃபெரியும் போகிறது, ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். கடல் அங்கே நன்றாகவே ஆட்டும், குமட்டல் உள்ளவர்களுக்கு நான் விமானத்தைத்தான் சொல்வேன். ஃபெரி எல்லா நாளும் இருக்காது, கிழமை பார்த்துப் போடுங்கள்.

திரும்பும்போது புறப்பாடு பற்றி ஒரு வார்த்தை. ஓடுதளத்தின் நுனிவரை போய்த் திருப்பி நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை முழுக்க முறுக்குகிறார்கள், விமானம் முழுக்க நடுங்கும், பிறகு விட்டதும் பாய்கிறது, பாதி தூரத்திலேயே எழும்பிவிடுகிறது. எனக்கு இறங்கியதைவிட இதுதான் பிடித்தது. திரும்புகிற அன்றே ஐரோப்பா விமானத்தைப் பிடிக்கிற மாதிரி மட்டும் போடாதீர்கள், காற்று பலமாக இருந்தால் சாபாவிலிருந்து கிளம்பவே மாட்டீர்கள். சின்ட் மார்ட்டனில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள்.