உண்ணுதல் கோளாறுக்கு மட்டக்களப்பில் சிகிச்சை: ஒன்றரை வருடக் கிளினிக் அனுபவம்

என்னுடைய பதினாறு வயது மகளுக்கு அனொரெக்சியா என்னும், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்க்கும் உண்ணுதல் கோளாறு இருப்பதாக உறுதியான நாள் முதல், ஒன்றரை வருடமாக மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள ஓர் அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போய்வருகிறோம். அதற்கு முன்னைய ஏழு மாதங்களைத் தவறான வாசல்களில் கழித்தோம். அந்த ஏழு மாதங்களில் நாங்கள் செலவழித்த பணம், அதற்குப் பின்னர் இன்றுவரை செலவழித்ததைவிட அதிகம். முதலில் மனநலக் கிளினிக்குக்கே போக வேண்டும் என்ற இந்த ஒரு விடயத்தை முன்கூட்டியே எவராவது சொல்லியிருந்தால் என் பிள்ளை இவ்வளவு மெலிந்திருக்க மாட்டாள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நோய் எங்கள் கண்ணில் படாமல் போனதற்கு விரதங்கள் பெரிய மறைப்பாக இருந்தன. கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள். அது தீபாவளி அமாவாசையோடு முடிய, மறுநாளே கந்தசஷ்டி தொடங்கி ஆறு நாள் நீடிக்கும். கார்த்திகையில் பிள்ளையார் பெருங்கதை மறுபடியும் இருபத்தொரு நாள், மார்கழியில் திருவெம்பாவை. இந்த மாதங்கள் முழுவதும் ஒரு பெண்பிள்ளை சோற்றைத் தள்ளிவைத்தால் நம் வீடுகளில் காரணம் கேட்பதில்லை, பக்தி என்று மெச்சுகிறோம். நானும் விரதம் பிடிப்பவள்தான். விரதத்தில் குற்றம் காணவில்லை. ஆனால் விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணைக்கு ஆவலோடு காத்திருக்கும் பிள்ளையும் பாரணை நாளை நினைத்துப் பயப்படும் பிள்ளையும் ஒன்றல்ல என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். தை பிறந்த பிறகும் என் மகள் "எனக்கு வேணாம்மா, வயிறு நிறஞ்சி போச்சி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு மாதவிலக்கு நின்று மூன்று மாதமாகியிருந்தது.

முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தோம், பிறகு கோயிலில் நூல் கட்டினோம். அதன்பின் தனியார் இடங்களில் ஒவ்வொரு நிபுணராகக் காசு கட்டிப் பதிந்து சனல் பண்ணினோம். வைத்தியர் கட்டணம், நிலையக் கட்டணம், இரத்தப் பரிசோதனை, தைரொயிட், ஸ்கான் என்று ஒவ்வொரு முறையும் பணம் போனது. அறிக்கைகள் எல்லாம் "நோர்மல்" என்று வந்தபோது நாங்கள் ஆறுதலடைந்தோம். அந்த ஆறுதல்தான் ஆபத்தாக முடிந்தது. பட்டினி கிடக்கும் உடல் இரத்த அளவுகளை நெடுநாள் சமாளித்து வைத்துக்கொள்ளும் என்பதும், நாடித்துடிப்பு குறைவது, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் விழுவது, வெயிலிலும் கைகால் குளிர்ந்திருப்பது போன்றவற்றையே முதலில் பார்க்க வேண்டும் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. மனநல வைத்தியர் ஒருவரிடம் காட்டும்படி அந்த நிபுணர்களில் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்று நாங்கள் போயிருப்போமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கலியாணத்துக்கு இருக்கும் பிள்ளையின் பெயரில் அந்தக் கிளினிக்கின் கொப்பி இருக்கக்கூடாது என்று என் தாயார் அழுதவர்.

ஒரு நாள் பாடசாலையில் மயங்கி விழுந்தாள். அதிபர் 1990க்கு அழைத்தார். அந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் இல்லை. பொது மருத்துவ விடுதியில் சேர்த்து உடனே ஈசிஜி எடுத்தார்கள். சொந்தக்காரர் கோழிச் சூப்பும் தயிரும் இடியப்பமுமாகக் கொண்டுவந்து குவிக்க, பொறுப்புத் தாதி அவற்றையெல்லாம் திருப்பி அனுப்பியபோது எங்களுக்குக் கோபம் வந்தது. காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். நீண்ட காலம் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் இன்சுலின் கூடி, இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று என்னும் உப்பு உயிரணுக்களுக்குள் இழுபட்டுச் சரிந்துவிடும், அதனால் இதயம் நின்றுபோகவும் கூடும். ஆகவே தயமின் என்னும் விற்றமினைக் கொடுத்து, சிறிது சிறிதாக உணவைக் கூட்டி, பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வீட்டில் நாங்களே வற்புறுத்தி ஊட்டித் தேற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

விடுதியிலிருந்தபடியே மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதி அனுப்பினார்கள். உண்ணுதல் கோளாறுக்கென்று தனி விடுதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. மனநல வைத்தியர், தாதி, உணவு ஆலோசகர் ஆகியோரிடம் மாறிமாறிப் போக வேண்டியிருந்தது. இருந்தும் அங்கே கிடைத்த வழிகாட்டலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளின் அனொரெக்சியாவுக்குக் குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சையே பலமான சான்றுகளுள்ளது என்று விளக்கி, எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்ற தீர்மானத்தைப் பிள்ளையிடமிருந்து சிறிது காலத்துக்கு எடுத்து எங்களிடம் தந்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிற்றுணவு. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், திட்டவோ கெஞ்சவோ கூடாது. ஒரு கிண்ணம் பிட்டை முடிக்க ஒன்றரை மணித்தியாலம் சென்ற நாட்களில் நான் அவள்மேல் சினந்திருக்கிறேன். "இவ வேற, இவட நோய் வேற அம்மா, நோயோடதான் நீங்க சண்ட பிடிக்கணும்" என்று தாதி சொன்னது அந்த நேரங்களில் எனக்குக் கைகொடுத்தது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். வைத்தியர், விடுதி, கையிருப்பிலுள்ள மருந்து எதற்கும் நாங்கள் ஒரு சதமும் கட்டவில்லை. ஆய்வுகூடத்தில் செய்ய முடியாத சில பரிசோதனைகளுக்கும், கையிருப்பில் இல்லாத மருந்துக்கும் துண்டு தருவார்கள். அவற்றை வெளியே காசு கொடுத்துப் பெற வேண்டும். உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. பகல் சாப்பாட்டுக்கு ஒருவர் வீட்டிலிருக்க வேண்டியிருந்ததால் நான் சம்பளமற்ற விடுமுறை எடுத்தேன். நாட்கூலிக் குடும்பம் ஒன்றுக்கு இது எப்படி முடியும் என்று எனக்கு விளங்கவில்லை, இலவச சிகிச்சை என்ற சொல் அங்கேதான் பொய்த்துப்போகிறது. தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்கள் விலக்குகள் பகுதியில் மனநோய் இருக்கிறதா என்று வாசித்துவிட்டே நம்புங்கள், எங்களுடையதில் இருந்தது. விடுதியிலிருந்து வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்கிப் பல பிரதிகள் எடுத்து வையுங்கள், விடுமுறைக்கும் பாடசாலைக்கும் அதுவே ஆதாரம்.

அம்பாறை மாவட்டத்தவர்கள் உடனே மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ ஓடத் தேவையில்லை. அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். சாப்பிட்டதை இரகசியமாக வாந்தியெடுக்கும் பிள்ளைகளின் எடை பெரும்பாலும் குறைவதில்லை என்பதால், மெலிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்; அவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு பிசகும் அபாயம் உண்டு.

கிளினிக்கில் நான் கண்ட குறைகள் இரண்டு. வைத்தியர்கள் இடமாற்றம் பெற்றுப் போகும்போது மகள் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் பேசாத வைத்தியர் ஒருவர் இருந்த காலத்தில் நானே மொழிபெயர்த்தேன்; தாயைப் பற்றிய மனக்குறையைத் தாயின் வாயாலேயே ஒரு பிள்ளை எப்படிச் சொல்வாள்? மற்றது, தராசு. அது நடைபாதையில், வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. எடையை உரத்த குரலில் சொல்லியே கொப்பியில் எழுதினார்கள். அந்த எண்ணைக் கேட்ட நாட்களில் அவள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. முறைப்பாடு எழுதாமல், பொறுப்புத் தாதியிடம் நேரில் பேசினேன். இப்போது அவளை மட்டும் உள்ளறைக்கு அழைத்து, இலக்கம் தெரியாதபடி முதுகு திரும்பி நிற்கச் சொல்லி நிறுக்கிறார்கள்; மற்றப் பிள்ளைகளுக்குத் தராசு இன்னும் நடைபாதையில்தான் இருக்கிறது.