192 பக்கம் 192 ஆகவே இருக்க: நிக்ஸின் உதவி ஃபங்ஷன்கள்

திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய டிடிபி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பதிப்பகங்கள் தரும் கோப்புகளை வாங்கி, எழுத்துருவை மாற்றி, பக்கம் அமைத்து, அச்சகத்துக்கு பிடிஎஃப்பாகக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. லினக்ஸ் ஓடும் கணினிகள் ஐந்து, எல்லாம் உபுண்டு. அவற்றில் ஓடும் எங்கள் சொந்தக் கருவிகளை ஒன்றரை வருடமாக நிரல்களைக் கட்டி நிறுவித் தரும் நிக்ஸ் பேக்கேஜ் மேனேஜரில்தான் கட்டுகிறேன். நிக்ஸைப் பற்றிப் பொதுவாக நிறையப் பேசுகிறார்கள். நான் எழுத வந்தது அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன உதவி ஃபங்ஷன்களைப் பற்றி. எங்களைப் போன்ற சிறிய இடத்துக்கு உண்மையில் பயன்படுவது அவைதான்.

ஏன் இதற்குள் வந்தேன் என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒரு சிறுகதைத் தொகுப்பு, டெமி அளவு, 192 பக்கம். ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் 16 பக்கம் ஒரு ஃபாரம், அந்தக் கணக்கில் சரியாகப் பன்னிரண்டு ஃபாரம். கடைசி நேரத்தில் இரண்டு எழுத்துப்பிழை திருத்தம் வந்தது. என் கணினியில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்ததால் பக்கத்து மேசைக் கணினியில் திருத்தி பிடிஎஃப் எடுத்தேன். 195 பக்கம் வந்துவிட்டது. அந்தக் கணினியில் இருந்தது அதே எழுத்துருவின் பழைய பதிப்பு. எழுத்துகளின் அகலத்தில் மயிரிழை வித்தியாசம், அது வரி வரியாகச் சேர்ந்து மூன்று பக்கம் ஆகிவிட்டது. கவனிக்காமல் அனுப்பியிருந்தால் பதிப்பாளர் பதின்மூன்றாவது ஃபாரத்துக்கு பிளேட்டும் தாளும் தண்டமாகக் கொடுத்திருப்பார். ஜனவரி புத்தகக் காட்சிக்கு முந்தைய டிசம்பரில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது.

நிக்ஸ் 2003 வாக்கில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி வேலை. அதை உருவாக்கிய எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் இதைத்தான் முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். ஒவ்வொரு பேக்கேஜும் எவற்றிலிருந்து கட்டப்பட்டதோ அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு ஹாஷ் (கைரேகை போன்ற அடையாளக் குறி) கணக்கிட்டு, அந்தப் பெயரிலேயே நிக்ஸ் ஸ்டோர் என்ற கிடங்கில் தனியாக வைக்கும். எழுத்துருவின் பதிப்பு மாறினால் ஹாஷ் மாறும், இடமும் மாறும். அதனால் பழையதும் புதியதும் கலக்காது. எங்கள் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை.

ஆனால் புதிதாக வருகிறவர்களை எல்லோரும் முதலில் எம்கேடெரிவேஷன் என்ற பெரிய ஃபங்ஷனிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அது சி நிரல்களைக் கட்டுவதற்கான முழு வரிசையோடு வரும். பிரித்தல், ஒட்டுப்போடுதல், கான்ஃபிகர், பில்ட், செக், இன்ஸ்டால் என்று படிப்படியாகப் போகும். நாற்பது வரி ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) வைத்திருப்பவருக்கு அது எதற்கு? கையேட்டில் 'டிரிவியல் பில்ட் ஹெல்பர்ஸ்', அதாவது அற்பமான உதவிகள், என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரைப் பார்த்து நான் பல மாதம் அதைத் திறக்கவே இல்லை. அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அதில் என் முதல் மதிப்பெண் ரைட்ஷெல்அப்ளிகேஷனுக்கு. ஸ்கிரிப்ட்டின் பெயர், அதற்குத் தேவையான நிரல்கள், ஸ்கிரிப்ட்டின் உரை, இந்த மூன்றையும் கொடுத்தால் போதும், பேக்கேஜ் தயார். இதன் அருமை எங்கள் அலுவலக அக்கா ஒருவரால் புரிந்தது. "தம்பி, என் கம்ப்யூட்டர்ல மட்டும் ஃபைல் வெறுமையா வருது, ஆனா முடிஞ்சதுன்னு சொல்லுது" என்றார். போய்ப் பார்த்தால், பிடிஎஃப்பிலிருந்து உரையை எடுக்கும் நிரல் அவர் கணினியில் இல்லவே இல்லை. என் பழைய ஸ்கிரிப்ட் அதன் வெளியீட்டைப் பைப் வழியாக (ஒரு நிரலின் வெளியீடு நேரே அடுத்ததற்குப் போகும் வழி) பைதானுக்கு அனுப்பியது. முதல் நிரல் தோற்றாலும் கடைசி நிரல் ஒழுங்காக முடிந்ததால் ஷெல்லுக்கு எல்லாம் வெற்றிதான். ரைட்ஷெல்அப்ளிகேஷனில் இது நடக்காது. பைப்பில் எது தோற்றாலும் நிற்பது, பிழை வந்தால் வெளியேறுவது, மதிப்பு கொடுக்காத மாறியை ஏற்காதது, இந்த மூன்றையும் நாம் கேட்காமலே போட்டுவிடுகிறது. தேவைப்பட்டியலில் எழுதிய நிரல்களையும் கூடவே கொண்டுவருகிறது.

அதைவிட முக்கியம், பில்ட் செய்யும்போதே ஷெல்செக் என்ற பிழை தேடும் நிரல் ஓடுகிறது. என் ஸ்கிரிப்ட்டில் கோப்புப் பெயர் மாறியை மேற்கோள் குறிக்குள் போடாமல் விட்டிருந்தேன். பில்ட் அங்கேயே நின்றது. பதிப்பகங்களிலிருந்து வரும் கோப்புகளுக்கு 'கவிதைகள் இறுதி 2' என்று இடைவெளி விட்டுத்தான் பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பிழை அக்காவின் மேசைக்குப் போவதற்கு முன்னால், நான் எழுதிய இடத்திலேயே பிடிபட்டது.

பக்க எண்ணிக்கைச் சிக்கலைத் தீர்த்தது மேக்ஃபான்ட்ஸ்கான்ஃப். நாம் சொல்லும் எழுத்துருப் பேக்கேஜ்களை வைத்து எழுத்துருக்களை எங்கே தேடுவது என்று சொல்லும் ஒரு ஃபான்ட்கான்ஃபிக் கோப்பை எழுதித் தரும். பக்கம் அமைக்கும் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பைச் சூழல் மாறியில் வைத்துவிட்டு பிடிஎஃப் உருவாக்கும் நிரலான ஸீலேடெக்கை அழைக்கிறது. இப்போது ஐந்து கணினியிலும் ஒரே எழுத்துரு, ஒரே பதிப்பு. அந்தச் சிறுகதைத் தொகுப்பை எங்கே ஓட்டினாலும் 192தான். சிம்லிங்க்ஜாயின் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே கட்டாகச் சேர்த்து ஒரே பெயரில் நிறுவ உதவுகிறது, அவ்வளவுதான்.

கொடுத்த கட்டளைகளை பில்ட்டின்போது ஓட்டும் ரன்கமாண்ட்டை நான் சோதனைக்குப் பயன்படுத்துகிறேன். பழைய திஸ்கி, பாமினி குறியாக்கங்களில் உள்ள கோப்புகள் இன்னும் வருகின்றன. அவற்றில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று இருக்கும். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். இந்த இடமாற்றத்தில் ஒரு பிசகு நடந்தால் 300 பக்கமும் பாழ். ஆகவே மாதிரிக் கோப்பு ஒன்றை மாற்றி, சரியான விடையோடு டிஃப் போட்டுப் பார்க்கும் ஆறு வரி எழுதி ரன்கமாண்ட்டில் கொடுத்திருக்கிறேன். ஓர் எழுத்து வேறுபட்டாலும் பில்ட் தோற்கும், புதிய பதிப்பு யாருக்கும் போகாது.

சரி, குறைகள். ரைட்ஷெல்அப்ளிகேஷன் நாம் பட்டியலிட்ட நிரல்களை பாத்தின் (கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) முன்பக்கம் சேர்க்கிறதே தவிர, வெளியே ஏற்கெனவே இருக்கும் பாத்தை இயல்பாக அழிப்பதில்லை. பிடிஎஃப்பைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை ஒருமுறை பட்டியலில் எழுத மறந்துவிட்டேன். என் உபுண்டுவில் அது இருந்ததால் ஓடியது, அடுத்த கணினியில் ஓடவில்லை. இப்போதைய பதிப்புகளில் வெளிப் பாத்தை மறுக்க ஒரு விருப்பம் இருக்கிறது. அதை முதல் நாளே மாற்றி வையுங்கள்.

இன்னொன்று, கிட்ஹப் தளத்திலிருந்து மூலத்தை இறக்கும் ஃபெட்ச்ஃப்ரம்கிட்ஹப். பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஹாஷை மாற்ற மறந்தால், பிழை எதுவும் காட்டாமல் ஸ்டோரில் இருக்கும் பழைய மூலத்தையே எடுத்துக்கொள்ளும். அதற்கு ஹாஷ்தான் அடையாளம், முகவரி அல்ல. எழுத்துருவைப் புதுப்பித்துவிட்டதாக நினைத்து ஒரு மாலை முழுவதும் பழையதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிப்பு எண்ணை மாற்றியவுடன் லிப் ஃபேக்ஹாஷ் என்ற பொய் ஹாஷைப் போட்டு ஒருமுறை தோற்கவிட்டு, அது சொல்லும் ஹாஷை எடுத்து ஒட்டுவதுதான் என் பழக்கம் இப்போது.

நிக்ஸ் கோப்புக்குள் ஷெல் எழுதும்போது டாலர் குறியும் நெளிவு அடைப்பும் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் குழப்பம் வரும். ஸ்கிரிப்ட்டைத் தனிக் கோப்பாக வைத்து ரீட்ஃபைலால் உள்ளே இழுத்தால் அந்தத் தலைவலி போய்விடும். பிழைச் செய்திகள் மிக நீளம். கீழிருந்து மேலே படிக்கப் பழகினால் பொறுத்துக்கொள்ளலாம். இடமும் கொஞ்ச நஞ்சமில்லை, ஸீலேடெக் அடங்கிய டெக்ஸ்லைவ் முழுத் தொகுப்பே பல ஜிபி. சிறிய தொகுப்பில் வேண்டியதை மட்டும் சேர்த்து, மாதம் ஒருமுறை, பயன்படாததை நீக்கும் நிக்ஸ் கலெக்ட் கார்பேஜ் ஓட்டுகிறேன். மழை நாளில் மின்சாரமும் நெட்டும் போகும் எங்கள் தெருவில், புதிய கணினியில் முதல் நிறுவலைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

விண்டோஸில் இது நேரடியாக ஓடாது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வேண்டும். இன்டிசைன் கோப்பு கேட்கும் பதிப்பகங்களுக்காக எங்களிடம் ஒரு விண்டோஸ் கணினி தனியாக இருக்கிறது. அதில் இதை இன்னும் முயன்று பார்க்கவில்லை. புத்தகக் காட்சி வேலை முடிந்ததும் அதைத்தான் எடுக்கப் போகிறேன்.