அட்மிஷன் இரவும் மறுநாள் காலையும்: பொது மருத்துவப் பயிற்சிக்கு மூன்று வழிகள்

முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யின் தரவரிசை வெளியானதும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். “அண்ணா, அரசுக் கல்லூரியில் எம்.டி. எடுக்கட்டுமா, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டி.என்.பி. கிடைக்கும்போல் இருக்கிறது, அதில் சேரட்டுமா, இல்லை இரண்டையும் விட்டுவிட்டு அமெரிக்கத் தேர்வுகளுக்குப் படிக்கட்டுமா?”

எம்.டி. என்பது மருத்துவக் கல்லூரியில் படித்து வாங்கும் முதுநிலைப் பட்டம். டி.என்.பி. என்பது மருத்துவமனையில் பயின்று, தேசியத் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி வாங்குவது. அமெரிக்கத் தேர்வுகளில் தேறினால் கிடைப்பது ரெசிடென்சி, அதாவது அங்கே மருத்துவமனையில் பெறும் நிபுணர் பயிற்சி. மூன்றும் மூன்று ஆண்டுதான். எதை முடித்தாலும் பெயருக்குப் பின்னால் பொது மருத்துவ நிபுணர் என்று போட்டுக்கொள்ளலாம். கட்டணம், உதவித்தொகை, விசா, கல்யாணம் எல்லாம் அவரவர் வீட்டுக் கணக்கு. அதற்குள் நான் நுழையவில்லை. எங்கே எப்படிக் கற்றுக்கொள்கிறோம் என்பதை மட்டும் பார்க்கிறேன். நான் எம்.டி. வழியில் வந்தவன். பிறகு சில ஆண்டுகள் டி.என்.பி. மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். கூடப் படித்தவர்களில் சிலர் அமெரிக்காவில் ரெசிடென்சி முடித்து, இப்போது அங்கேயே கற்பிக்கிறார்கள். என் தராசு எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரு நோயாளியை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவோம். நாற்பத்தைந்து வயதுப் பெண், விவசாயக் கூலி. எட்டு நாளாகக் காய்ச்சல், இன்று மூச்சு வாங்குகிறது. இரவு இரண்டு மணிக்குக் கொண்டுவருகிறார்கள். பிளேட்லெட் குறைந்திருக்கிறது, கல்லீரல் நொதிகள் கூடியிருக்கின்றன, டெங்கு சோதனையில் ஒன்றும் இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரியில் அன்று எங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பொது மருத்துவத் துறை பல யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், சில உதவிப் பேராசிரியர்கள், ஆண்டுக்கு இரண்டு மூன்று முதுநிலை மாணவர்கள். வாரத்தில் ஒரு நாள், இருபத்துநான்கு மணி நேரமும், மருத்துவப் பிரிவுக்கு வரும் அத்தனை பேரும் அந்த யூனிட்டுக்குத்தான். பூச்சிமருந்து குடித்தவர், பாம்பு கடித்தவர், பக்கவாதம், சர்க்கரை ஏறி மயங்கியவர் என்று நாற்பது ஐம்பது கேஸ் சேர்ந்துவிடும். கட்டில் நிறைந்து பாய்க்கு வந்துவிடும்.

அந்தப் பெண்ணை முதலில் பார்த்தது நான், முதலாம் ஆண்டு. பக்கத்துக் கட்டிலில் பூச்சிமருந்து கேஸ் ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, விஷத்துக்கு மாற்றுமருந்தான அட்ரோபின் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் இந்தப் பெண்ணுக்கு ஆக்சிஜன் வைத்து, ‘காய்ச்சல், நிமோனியா’ என்று எழுதி, அதற்கான ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினேன். காலை எட்டு மணி ரவுண்ட்ஸில் சீஃப் கேஸ் ஷீட்டைப் படிக்கவேயில்லை. “அக்குளைப் பார்த்தாயா?” என்றார். பார்க்கவில்லை. திரை கொண்டுவரச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவார்கள்; கடிப்பது ஆட்டு உண்ணியோ மாட்டு உண்ணியோ அல்ல, கண்ணுக்கே தெரியாத வேறொரு பூச்சியின் இளம் பருவம். டாக்சிசைக்ளின் தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதன்பின் காய்ச்சலோடு வந்த யாருடைய அக்குளையும் நான் பார்க்காமல் விட்டதில்லை.

எம்.டி. வழியின் பலமும் ஓட்டையும் இந்த ஒரு இரவிலேயே இருக்கின்றன. பலம் எண்ணிக்கை. மூன்று ஆண்டில் நீங்கள் பார்க்கும் விஷ பாதிப்பு, மூளைக்காய்ச்சல், காசநோய், வால்வு பழுதான இதயம் ஆகியவற்றை வேறு நாட்டு மருத்துவர் வாழ்நாள் முழுவதும் பார்க்கமாட்டார். ஓட்டை என்னவென்றால், இரவு இரண்டு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் நடுவில் நான் தனியாக இருந்தேன். அந்த ஆறு மணி நேரத்தை அந்தப் பெண் தன் உடம்பால் ஈடுகட்டினார். சீஃப் அன்று விடுப்பில் போயிருந்தால்? அல்லது, கட்டில் கட்டிலாக நடந்து “அதையே கொடு” என்று சொல்லிவிட்டுப் போகிறவராக இருந்திருந்தால்? அப்படிப்பட்ட யூனிட்டுகளும் உண்டு. அங்கே ஐந்நூறு கேஸ் பார்த்தவர் ஐந்நூறு முறை ஒரே தவற்றைச் செய்திருப்பார், தன்னம்பிக்கையும் கூடியிருக்கும். ரத்த மாதிரியை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது, தள்ளுவண்டி தள்ளுவது ஆகிய வேலைகளுக்குப் போகும் நேரமும் பயிற்சிக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அதே காய்ச்சலைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம். கூலித் தொழிலாளிக்குப் பதில் ஒரு வங்கி ஊழியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவு மருத்துவர் பார்க்கிறார், காய்ச்சலுக்கான சோதனைகள் மொத்தமாக அனுப்பப்படுகின்றன, அதில் ஸ்க்ரப் டைபஸும் அடக்கம். சி.டி. ஸ்கேன் அரை மணியில் முடிகிறது. தீவிர சிகிச்சை நிபுணர் பொறுப்பேற்கிறார். டி.என்.பி. மாணவி கேஸ் ஷீட் எழுதி, மூத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். “டாக்சிசைக்ளினைச் சேர்த்துவிடு, காலையில் பார்க்கிறேன்.” நோயாளிக்கு என் நோயாளியைவிட ஆறு மணி நேரம் முன்னதாகச் சரியான மருந்து போய்விட்டது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை: அன்று அந்தக் காய்ச்சல் எனக்கு வந்திருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன்.

ஆனால் பொருக்கை யாரும் தேடவில்லை. தேட வேண்டிய தேவையே வரவில்லை. அந்த மாணவி நாளை ஒரு தாலுகா மருத்துவமனையில், அந்தச் சோதனை இல்லாத இடத்தில் நின்றால் என்ன செய்வார் என்பதுதான் என் கவலை. நோயாளி காசு கொடுத்து ஒரு குறிப்பிட்ட மருத்துவரிடம் வந்தவர். மாணவியின் கையில் ஊசியைக் கொடுக்க வீட்டார் ஒப்பமாட்டார்கள். முடிவு எடுப்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர் என்றாகிவிடுகிறது. இதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன. வாரம் தவறாமல் கேஸ் விவாதம் நடத்தி, மாணவர்களைப் பொறுப்போடு வேலைவாங்கும் தனியார் மருத்துவமனைகளை எனக்குத் தெரியும். டி.என்.பி. என்றாலே தனியார் என்று நினைப்பதும் தவறு. மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அந்த இடங்கள் உண்டு. அங்கே எம்.டி.யின் கூட்டமும் கிடைக்கும், மத்தியத் தேர்வின் கண்டிப்பும் கிடைக்கும். கலந்தாய்வில் பலர் அந்தப் பெயர்களைத் தாண்டிப்போவது எனக்குப் புரிவதில்லை.

தேர்வு என்று வரும்போது டி.என்.பி.க்கே என் ஓட்டு. எம்.டி. செய்முறைத் தேர்வில் நான்கு தேர்வாளர்கள், அதில் இருவர் உங்கள் கல்லூரியினர். வார்டும் உங்களுடையது. எந்தக் கட்டிலில் எந்த இதய முணுமுணுப்பு கேட்கும் என்பது முந்தின நாளே தெரிந்திருக்கும். டி.என்.பி. மாணவர் முன்பின் பார்க்காத மருத்துவமனையில், முகம் தெரியாத தேர்வாளர்கள் முன் நிற்க வேண்டும். 1975-இல் தேசியத் தேர்வு வாரியத்தைத் தொடங்கியதே நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதற்காகத்தான். அந்த அளவுகோல் கடுமையானது, சில நேரம் அநியாயமானதும்கூட. ஆனாலும் ‘நீண்ட கேஸ்’ என்று ஒரே நோயாளியை உட்கார்ந்து பரிசோதித்துச் சொல்லும் பழக்கத்தை இரண்டு வழிகளுமே இன்னும் விடவில்லை. அமெரிக்கா விட்டுவிட்டது. அங்கே நிபுணர் சான்றிதழுக்கான தேர்வு ஒருநாள் முழுக்கக் கணினியில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது; கட்டிலருகே வாய்மொழியாகக் கேட்கும் தேர்வு 1970களிலேயே போய்விட்டது. கைத்திறனுக்கு, பயிற்சித் திட்டத்தின் இயக்குநர் கொடுக்கும் உறுதிமொழிதான் சாட்சி.

அப்படியானால் அமெரிக்க வழியில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். மேற்பார்வை இருக்கிறது. அங்கே முதலாம் ஆண்டு ரெசிடென்ட் தொடர்ந்து கவனிக்கும் நோயாளிகள் பத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு அட்மிஷன் நாளில் புதிதாக ஐந்து பேர். மேலே இரண்டாம், மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட். அவருக்கும் மேலே பொறுப்பு மருத்துவர். அவர் நோயாளியைத் தானே பார்த்துக் குறிப்பில் ஒப்பமிட வேண்டும். என் நண்பன் முதல் மாதம் எழுதினான்: “இங்கே பத்து நோயாளிகளைப் பார்க்கும் ஆளிடம் பத்துப் பேரைப் பற்றியும் ‘ஏன்’ என்று கேட்கிறார்கள். நம் ஊரில் அறுபது பேரைப் பார்த்தேன், ஆறு பேரைப் பற்றிக் கேட்டார்கள்.” இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

டியூட்டி மாற்றும் முறையும் அப்படித்தான். “பன்னிரண்டாம் கட்டிலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்” என்று நாம் வாசலில் சொல்லிவிட்டுப் போவதை அவர்கள் ஒரு பாடமாகவே நடத்துகிறார்கள். ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையை ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தை நலப் பிரிவுகளில் கொண்டுவந்தபோது மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடு குறைந்தன என்று 2014-இல் வெளியிட்டார்கள். செலவு பெரிதில்லை, இங்கேயும் செய்யலாம். யாரும் செய்வதில்லை.

ஆனால் அந்த ஊருக்கு ஒரு நோய் உண்டு: கணினி. 2013-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பால்டிமோரில் இரண்டு மருத்துவமனைகளில் முதலாம் ஆண்டு ரெசிடென்ட்டுகளைப் பின்தொடர்ந்து நேரம் குறித்தார்கள். வேலை நேரத்தில் நோயாளியோடு கழிந்தது 12 விழுக்காடு, கணினியோடு கழிந்தது 40 விழுக்காடு. அதில் ஒன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்பதுதான் வேடிக்கை. 1889-இல் திறந்த அந்த மருத்துவமனையில்தான் வில்லியம் ஆஸ்லர், மருத்துவமனையிலேயே குடியிருந்து கட்டிலருகே கற்கும் ரெசிடென்சி முறையை வளர்த்தார். நாம் தள்ளுவண்டி தள்ளுகிறோம், அவர்கள் விசைப்பலகையைத் தட்டுகிறார்கள். நம் ஸ்க்ரப் டைபஸ் பெண்ணுக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைப்பவர் இதயமும் சிறுநீரகமும் ஒருசேரத் தளர்ந்த எண்பது வயதுக்காரர், பதினான்கு மாத்திரைகளோடு. எந்த மாத்திரையை நிறுத்துவது, இனி வென்டிலேட்டர் வேண்டுமா என்று குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்பதில் அவர்கள் நம்மைவிடப் பல படி மேலே. மூன்று ஆண்டும் ஒரே நோயாளிகளை ஓ.பி.யில் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. நம் மாணவருக்குத் தான் டிஸ்சார்ஜ் செய்தவர் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்பதே தெரியாது.

வேலை நேரத்தைப் பற்றி நிறையக் கனவுகள் உலவுகின்றன. அமெரிக்காவில் ஓய்வு அதிகம் என்பார்கள். 1984-இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற பதினெட்டு வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்ததை அடுத்து, களைத்துப்போன பயிற்சி மருத்துவர்களைப் பற்றி எழுந்த விவாதத்தில் பிறந்தவை அந்த விதிகள். 2003-இல் வாரம் 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு நாடு முழுவதும் வந்தது. 2011-இல் முதலாம் ஆண்டினருக்குத் தொடர்ச்சியாக 16 மணிக்கு மேல் கூடாது என்றார்கள். 2017-இல் அதைத் தளர்த்தி, 24 மணியும் ஒப்படைப்புக்கு மேலும் 4 மணியும் என்று ஆக்கினார்கள். 63 பயிற்சித் திட்டங்களை நீண்ட டியூட்டி, வரம்புள்ள டியூட்டி என்று இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வில் நோயாளி இறப்பு நீண்ட டியூட்டியால் கூடவில்லை. மாணவர்கள்தான் மனம் சலித்திருந்தார்கள், இயக்குநர்கள் திருப்தியாக இருந்தார்கள்.

இந்தியாவின் 1992 ஆம் ஆண்டு சுற்றறிக்கையோ தொடர்ச்சியாக 12 மணிக்கு மேல் கூடாது, வாரம் 48 மணி என்கிறது. அமெரிக்காவைவிடக் கருணையான விதி! அதை வார்டில் யாரும் கண்டதில்லை. மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை ‘நியாயமான வேலை நேரம்’ என்று எழுதி எண்ணையே விட்டுவிட்டது. 2024-இல் அதே ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணி என்று பரிந்துரைத்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்மை: அங்கே விதியை மீறினால் பயிற்சித் திட்டத்தின் அங்கீகாரத்துக்கே ஆபத்து, இங்கே மீறலைப் பற்றிப் பேசுபவருக்குத்தான் ஆபத்து.

இங்கிலாந்தை ஏன் விட்டுவிட்டேன் என்று சிலர் கேட்பார்கள். அங்கே வாரம் சராசரி 48 மணி, 2019 முதல் மூன்றாண்டு உள்மருத்துவப் பயிற்சி, கூடவே எம்.ஆர்.சி.பி. என்ற தேர்வு. அதன் கட்டிலருகுத் தேர்வு உலகிலேயே நேர்த்தியானது என்பேன். ஆனால் நிபுணர் ஆக அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் போக வேண்டும், அதனால் இந்த மூன்றோடு ஒரே தராசில் அது நிற்காது.

என் வரிசை இது. முதல் இடம், நன்றாக நடக்கும் யூனிட் உள்ள அரசுக் கல்லூரி எம்.டி. அதே தராசில் மாவட்ட மருத்துவமனை டி.என்.பி. அடுத்து அமெரிக்கா, அங்கேயே வாழப் போகிறவருக்கு அதுதான் முதல் இடம், ஏனெனில் இங்கே எம்.டி. முடித்துவிட்டுப் போனாலும் பெரும்பாலும் ரெசிடென்சியை மறுபடி தொடங்க வேண்டும். கற்பிக்கும் பழக்கமுள்ள தனியார் டி.என்.பி. அதற்குப் பின். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க மாணவர்களை எடுக்கும் இடங்கள் எந்தப் பட்டத்தைக் கொடுத்தாலும் கடைசி.

கல்லூரியின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு அட்மிஷன் நாளுக்கு மறுநாள் காலை ஏழரைக்கே போய் வார்டு ஓரத்தில் நில்லுங்கள். யார் முதலில் வருகிறார், முதலாம் ஆண்டு மாணவர் கேஸ் சொல்லும்போது யாராவது குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறார்களா, திரை கொண்டுவரச் சொல்கிறார்களா என்று பாருங்கள். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவரை கேன்டீனுக்கு அழைத்துக்கொண்டுபோய், போன வாரம் அவர் செய்த தவறு என்ன, அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேளுங்கள். தவறே நடக்கவில்லை என்று சொன்னால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு அடுத்த கல்லூரியைப் பார்க்கப் போய்விடுங்கள்.