கனத்த குண்டுக்கு லீவர் ரைஃபிள்: நான்கு வருடம் தோளில் சுமந்த பிறகு

அலாஸ்காவில் கெனாய் பக்கம் குடிவந்த முதல் கோடையிலேயே, சால்மன் பிடிக்கப் போன ஆற்றங்கரையில் பழுப்புக் கரடியின் தடத்தைப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் என் பூட்ஸை வைத்தால், அகலத்தில் பாதிதான் வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: 400 கிரெய்னுக்கு (குண்டின் எடையளவு; ஏறத்தாழ 26 கிராம்) மேல் எடையுள்ள, முனை தட்டையான, கெட்டி ஈயக்குண்டைச் சுடுகிற லீவர் ரைஃபிள் (விசைக்குப் பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது) வேண்டும்.

கடையில் முதலில் கையில் எடுத்தது ஒரு பழைய 444 மார்லின் (மார்லின் நிறுவனத்தின், 444 வகைத் தோட்டாவைச் சுடும் ரைஃபிள்). குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் ஓடும் சுருள்வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று விசாரித்தேன். 38. 240 கிரெய்ன் குண்டுக்கு அது தாராளம். ஆனால் ஒரே விட்டத்தில் குண்டு கனக்கக் கனக்க நீளம் கூடும். நீண்ட குண்டு நேராகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். இல்லாவிட்டால் தள்ளாடிப் போய், குறி அட்டையில் பக்கவாட்டில் விழுந்து நீளவாக்கில் கிழிக்கும். பிறகு வந்த 444-களில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று உண்டு. கடையில் இருந்தது பழையது. வைத்துவிட்டேன்.

வாங்கியது மார்லின் 1895, 45-70 தோட்டா, 19 அங்குலக் குழல், 20-க்கு ஒரு சுற்று. அமெரிக்க ராணுவம் 1873-இல் எடுத்துக்கொண்ட தோட்டா இது. அப்போதே 405 கிரெய்ன், ஏறத்தாழ 26 கிராம் குண்டு. (அந்தக் காலத்து ராணுவ ரைஃபிளான ஸ்பிரிங்ஃபீல்டு யாரிடமாவது இருந்தால், இன்றைய வீரியத் தோட்டாவை அதில் போட்டுவிடாதீர்கள். தாங்காது.)

லீவரில் அடுத்த கணக்கு நீளம். தோட்டா 2.55 அங்குலத்தைத் தாண்டினால் உள்ளே ஏறாமல் மாட்டிக்கொள்ளும். குழலுக்குக் கீழே இருக்கும் குழாய் மேகஸினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால் கூர்முனை உலோகக் குண்டும் ஆகாது. சுடும்போது வரும் உதையில் அந்த முனை, முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை (அடியில் இருக்கும், இடித்தால் தீப்பற்றும் பகுதி) இடித்துவிடலாம்.

முதல் குளிர்காலத்தில் நானே தோட்டா கட்டிப் பார்த்தேன். பித்தளை உறையின் வாயை உள்மடித்து குண்டை இறுக்குகிற வேலையில் சோம்பல். இரண்டு சுட்டதும், மூன்றாவது ஏறும்போது லீவர் ஏதோ சரியில்லை என்றது. வெளியே எடுத்தால், குண்டு அரை அரிசி நீளத்துக்கு உள்ளே அமுங்கியிருந்தது. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். மிச்சத்தையெல்லாம் அன்று ராத்திரியே பிரித்துப் போட்டேன்.

உதையைப் பற்றி யாரும் மிகைப்படுத்தவில்லை. மூன்றே கால் கிலோ ரைஃபிளில் வீரியத் தோட்டா பத்து சுட்டால் தோள் இரண்டு நாள் பேசும். பழகுவதற்கு வீரியம் குறைந்த மென் தோட்டாதான் சரி. அதுவோ 100 கஜத்தில் குறி வைத்தால் 200-இல் இரண்டடிக்கும் மேல் கீழே இறங்கும். தூரச் சுடுகைக்கு வேறு ரைஃபிள் பாருங்கள்.

கரடியை நோக்கி இதுவரை சுட நேரவில்லை. ஒரு மூஸ் (பெரிய மான் வகை) மட்டும், 70 கஜத்தில். குண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. தேடியும் கிடைக்கவில்லை.