போலி சைட்காரன் பெயரைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில்தான் மீன் குழம்பு மசாலா அரைத்துப் பாக்கெட் போடுகிறோம். ஆயா கைப்பக்குவம், பிராண்டும் ஆயா பெயர்தான். டிரேட்மார்க்கும் முறைப்படி கிண்டி அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறோம். போன ஆடியில் தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்து ஒரு பாக்கெட்டை என் முன்னால் போட்டார். "என்னாம்மா இது, மரத்தூளா?" பாக்கெட்டில் எங்கள் படம், எங்கள் பெயர், எங்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (எஃப்எஸ்எஸ்ஏஐ) எண் கூட அப்படியே. உள்ளே இருந்தது மட்டும் வேறு. ஆன்லைனில் வாங்கினாராம். போய்ப் பார்த்தால், எங்கள் சைட் பெயரில் ஒரே ஒரு எழுத்தைக் கூட்டி ஒரு டாட் காம்.

யார் நடத்துகிறார்கள் என்று, சைட் பெயரை வாங்கியவர் விவரம் காட்டும் ஹூஇஸ் தேடலில் போட்டுப் பார்த்தேன். பெயர், முகவரி, போன் எல்லா இடத்திலும் தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது என்றே வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் "பிராண்ட் பாதுகாப்பு" விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. பாரிமுனைப் பக்கம் ஒரு மாடி அறை. ஓனர் பெயர் ஒரு வாரத்தில், சைட் பதினைந்து நாளில் காலி என்றார். 30,000 கேட்டவரிடம் காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேசுகிற மாதிரி பேசி 18,000க்கு இறக்கினேன், அதில் எனக்குப் பெருமை வேறு.

எட்டு நாள் கழித்து ஸ்பைரல் போட்ட 11 பக்கம் வந்தது. நான் வீட்டில் சும்மா எடுத்துப் பார்த்த அதே ஹூஇஸ் விவரம், கலர் பிரின்ட்டில். மறைக்கப்பட்டது, மறைக்கப்பட்டது, மறைக்கப்பட்டது. கேட்டால், "டேட்டா சட்டம் வந்துடுச்சு மேடம், அதை ஓபன் பண்ண தனி பெர்மிஷன் வாங்கணும், இன்னொரு 25,000 ஆகும்" என்கிறார். நல்லவேளை, அதைக் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்த வக்கீல் அக்கா ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.

அவர் சொன்னதும் அப்புறம் நானே படித்ததும் இதுதான். முன்பு டொமைன், அதாவது சைட் பெயர், வாங்கியவர் பெயர், போன் எல்லாம் எவரும் பார்க்கும்படி இருந்தது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு எட்டு நாள் முன்பு, டொமைன்களுக்கு விதி போடும் ஐகேன் அமைப்பு தற்காலிக விதி ஒன்றைப் போட்டது, அதிலிருந்து உலகம் முழுக்கப் பெரும்பாலும் மறைத்துவிட்டார்கள். சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு முன்னால் டொமைன் வாங்கிய என் மாமா பையனுக்கு "வெப்சைட் வேணுமா சார்" என்று வந்த போனுக்கு அளவே கிடையாது. திறந்திருந்த காலத்திலும் திருடன் உண்மை முகவரியா கொடுத்திருப்பான்? எரிச்சல் என்னவென்றால், டிரேட்மார்க் ஜர்னலில் என் பெயரும் வீட்டு முகவரியும் ஊரறியக் கிடக்கிறது, அவனுடையது மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் மறைத்த விவரத்தைக் கேட்க வழி இருக்கிறது, காசும் வேண்டாம். டொமைனை விற்ற ரெஜிஸ்ட்ராருக்கே, டிரேட்மார்க் பதிவுச் சான்றிதழை இணைத்து, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதலாம். ஐகேனும் 2023 நவம்பரிலிருந்து இதற்கென்று ஒரு இலவசப் படிவம் வைத்திருக்கிறது, ஆனால் சில ரெஜிஸ்ட்ரார்கள் அதில் சேரவில்லை. கேட்டால் ரெஜிஸ்ட்ரார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எனக்கு "கோர்ட் ஆர்டர் கொண்டு வாருங்கள்" என்றுதான் பதில் வந்தது. நம் நாட்டு 2023 டேட்டா சட்டத்திலும் 17ஆம் பிரிவில், சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவையான தகவலுக்கு விலக்கு இருக்கிறது. 25,000 ரூபாய் பெர்மிஷன் என்று எதையும் யாரும் விற்பதில்லை.

இன்னொன்று, பெயரே தெரியாமலும் நடவடிக்கை எடுக்கலாம். யுடிஆர்பி என்கிற டொமைன் தகராறு முறையில் புகார் போன பிறகு ரெஜிஸ்ட்ராரே விவரத்தை நடுவர் அமைப்புக்குக் கொடுத்தாக வேண்டும். வைப்போ என்கிற ஐ.நா. அறிவுசார் சொத்து அமைப்பில் அதற்குக் கட்டணம் 1,500 டாலர், எங்கள் மிளகாய்த்தூள் வியாபாரத்துக்கு அது தாங்காது. நம் கோர்ட்டுகளில் ஆள் தெரியாத எதிரிக்கு "அசோக் குமார்" என்று பெயர் வைத்தே வழக்குப் போடுகிறார்களாம்! பாவம், நிஜ அசோக் குமார்கள்.

எனக்குக் கைகொடுத்தது இது எதுவும் இல்லை. படங்கள் நாங்கள் எடுத்தவை, அதனால் அந்த சைட்டை ஹோஸ்ட் செய்யும், அதாவது தன் சர்வரில் வைத்திருக்கும், கம்பெனிக்கு ஒரிஜினல் படங்களோடு காப்பிரைட் புகார் அனுப்பினேன். ஆறாம் நாள் சைட் இல்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைத் திருடியதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் தனிப் புகார் கொடுத்திருக்கிறேன். நடத்தியவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

பாரிமுனைக்காரர் இப்போது போன் எடுப்பதில்லை. 18,000ஐத் திரும்பக் கேட்டு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். வயிற்றுப்பிழைப்புக்குச் சொந்தத் தொழில் செய்கிறவர்களும் அங்கே போகலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. அந்த ஸ்பைரல் புத்தகம்தான் முதல் ஆவணம்.