மாத்திரை டப்பா: அத்தைக்கு நாலு நட்சத்திரம், நாய் வீட்டுக்கு ஒன்று

180 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். வாரத்துக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலைக்கும் இரவுக்கும் தனித்தனிக் குழி. அத்தைக்கு மூட்டுவாதம், அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுப்பதே பெரும்பாடு. இந்த மூடியைக் கட்டைவிரலால் லேசாக நெம்பினால் போதும். காலை மாத்திரை போட்டோமா இல்லையா என்ற தினசரி விசாரணையும் நின்றது. கிழமைக்கு ஆங்கில முதலெழுத்து மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து என்பதால் அத்தை ஞாயிறு மேல் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டார்.

அத்தைக்குச் சுலபமான மூடி எங்கள் பப்புவுக்கும் சுலபம் என்பதுதான் சிக்கல். 7 கிலோ பொமரேனியன். ஒரு வெள்ளிக்கிழமை கட்டிலிலிருந்து டப்பா விழுந்திருக்கிறது. உள்ளே மாத்திரைகள் உருளும் சத்தம் அவனுக்குக் கிலுகிலுப்பை மாதிரி. நாங்கள் பார்க்கும்போது சனி, ஞாயிறு மூடிகள் பிய்ந்து கிடந்தன, குழிகளில் ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் டப்பாவைப் பாராட்டியே ஆக வேண்டும். காலி அறைகளைப் பார்த்ததுமே கணக்கு கிடைத்துவிட்டது: பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி. இரண்டு, சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு, வாரம் ஒருமுறை போடும் வைட்டமின் டி3 60,000 யூனிட் காப்ஸ்யூல் ஒன்று. ஆனால் பெயரும் மி.கி.யும் டப்பாவில் இருக்காது, அட்டையில்தான் இருக்கும். அத்தை அட்டைகளை ஒரு கவரில் சேர்த்து வைப்பவர், பிழைத்தோம். கால்நடை டாக்டர் போனில் முதலில் கேட்டதே அதைத்தான்: என்ன மாத்திரை, எத்தனை மி.கி., எப்போது தின்றது, நாய் எத்தனை கிலோ.

பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் புகட்டச் சொன்னார். டாக்டர் அலறிவிட்டார். அவ்வளவு உப்பு போனால் அதுவே நாய்க்கு விஷமாம். "வீட்டுல எதுவும் குடுக்காதீங்க, அட்டையோட உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். சீக்கிரம் போனதால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடிந்தது. அப்புறம் மருத்துவக் கரி, டிரிப்ஸ், இரவெல்லாம் பிரஷர் பார்த்தார்கள். அம்லோடிபின் சின்ன நாய்க்கு ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

டி3 விஷயம்தான் எனக்குப் புதிது. வைட்டமின் என்ற பெயரைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டோம். சில எலி மருந்துகளில் இருப்பதும் இதே சரக்குதான். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். அதுவும் உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் பப்பு வாலாட்டிக்கொண்டு சோறு தின்ற பிறகும் கால்சியம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லாம் நார்மல். அத்தையின் மூட்டுவலி மாத்திரை அந்த அறைகளில் இல்லாதது நல்லதாயிற்று. ஐபுப்ரோஃபென் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இப்போது டப்பா பீரோவுக்குள். கண்ணில் படாததால் அத்தைக்கு மறுபடி மறதி. போனில் அலாரம் வைத்திருக்கிறோம். பூட்டு வைத்த டப்பாவும் விற்கிறார்கள், ஆனால் அத்தை விரலுக்கு அது திறக்காது. பிய்ந்த இரண்டு மூடியை மட்டும் கேட்டுப் பார்த்தேன். தனி மூடி கிடையாதாம், முழு டப்பாவாகத்தான் வாங்க வேண்டுமாம்.