பூட்டினால் பேசாத கார்: ஆறு வருடம் ஓட்டியவன் சொல்வது

போன வியாழக்கிழமை மச்சினன் போன் செய்தான். சேலம் கோரிமேடு பக்கம் ஒருவர் என் கார் மாடலையே, அதுவும் அதே 2019 வண்டியையே விற்கிறாராம். “மாமா, ஆறு வருஷமா ஓட்டுறீங்க. வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க” என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தீபாவளிக்கு வந்தபோதுகூட இந்த வண்டியைப் பற்றி நான் அரை மணி நேரம் பெருமை பேசியதைக் கேட்டவன் அவன்.

பெருமைக்குக் காரணம் உண்டு. என் தொழில் எடை மெஷின் சர்வீஸ். கீழே செவ்வாய்ப்பேட்டை மண்டிகள், மேலே ஏற்காட்டில் காபி எஸ்டேட்டுகள். டிக்கியில் எப்போதும் 20 கிலோ எடைக்கற்கள் ஐந்து கிடக்கும். அந்த நூறு கிலோவோடு வாரம் ஒரு தடவை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிற வண்டி இது. 87,000 கிலோமீட்டரில் ஒரு தடவை கிளட்ச் மாற்றினேன், வழியில் நின்றதே கிடையாது. சித்திரை வெயிலில் ஏசியும் குறை வைக்கவில்லை. மைலேஜ், இருக்கை, இடவசதி எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை, விடுங்கள்.

நான் சொல்ல வந்தது ‘கீக்’ என்ற அந்த ஒற்றைச் சத்தத்தைப் பற்றி.

ரிமோட்டை அமுக்கினால் கதவுகள் நாலும் ‘டக்’ என்று பூட்டும், இண்டிகேட்டர் ஒரு தடவை மின்னும், ‘கீக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடலாம். ஐந்து வருடம் அப்படித்தான் நடந்தேன். போன மழைக்காலத்தில் அது நின்றுபோனது. கதவு பூட்டுகிறது, சத்தம் மட்டும் இல்லை.

முதலில் முழுதாக நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஏற்காடு ஏரி பக்கம் நிறுத்தினால் ஊமை. அதே வண்டி மதியம் சேலம் இறங்கி அஸ்தம்பட்டி வெயிலில் நின்றால் பேசும். “அதுக்கும் மேல குளிருது போலப்பா” என்றான் பையன். சிரித்தேன். அவன் சொன்னதில்தான் விடை இருந்தது என்று அப்போது தெரியவில்லை. ஒரு மாதத்தில் கீழேயும் பேச்சு நின்றது.

சத்தம் போனபின் மனுஷன் என்ன ஆகிறான் தெரியுமா? பூட்டுவேன், பத்தடி நடப்பேன், திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். மறுபடி நடப்பேன். டிக்கியில் எடைக்கற்கள் இருக்கின்றன, பாதி தூரத்தில் மறுபடி சந்தேகம். சேர்வராயன் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பார்வையே போதும்.

எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். முதலில் ரிமோட் பேட்டரி. சிஆர் 2032, 3 வோல்ட், வாட்ச் கடையில் கிடைக்கும். மாற்றியதும் தூரத்திலிருந்து நன்றாகப் பூட்டியது, சத்தம் இல்லை. கதவுகளையும் டிக்கியையும் ஓங்கி அடித்து மூடினேன். ஒரு கதவு சரியாக மூடாவிட்டாலும் இந்தச் சத்தம் வராது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஸ்கிரீனில் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன், பூட்டும் ஒலி ‘ஆன்’ என்றுதான் இருந்தது. ஹாரன் பியூஸ் போயிருக்குமோ என்று ஹாரனை அடித்தேன், தெருவே திரும்பிப் பார்த்தது. ஹாரன் அடித்தால் அந்தப் பக்கம் பழுது இல்லை என்று நினைத்ததும் தப்பு. சில வண்டிகளில் ‘கீக்’ ஹாரனிலிருந்தே வருகிறது, சிலவற்றில் அதற்கென்று தனியாகச் சின்ன சைரன் இருக்கிறது. என்னுடையது இரண்டாவது ரகம்.

அப்புறம் சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். ஸ்கேனரை மாட்டினார்கள், பழுதைச் சொல்கிற எரர் கோட் (code) ஒன்றும் வரவில்லை. பூட்டு, விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று உண்டாம், அதை மாற்றினால் சரியாகலாம், 14,000 ரூபாய் ஆகும் என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி. ‘சரியாகலாம்’. என் தொழிலில் தராசைப் பிரித்துப் பார்க்காமல், எடையை உணர்கிற லோட் செல் போய்விட்டது என்று சொன்னால் மண்டிக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

கடைசியில் ஐந்து ரோடு பக்கம் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேட்டார்: “பூட்டின அப்புறம் டேஷ்போர்டுல சிவப்பு லைட் மின்னுதுங்களா?”

ஆறு வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. பார்த்தோம், மின்னவில்லை.

“டிரைவர் கண்ணாடியை எறக்கி விட்டுட்டு ரிமோட்ல பூட்டுங்க.” பூட்டினேன். அரை நிமிடம் பொறுத்தார். கையை உள்ளே விட்டு உள்கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்தார். வண்டி கத்தியிருக்க வேண்டும். சும்மா இருந்தது. “சத்தம் மட்டும் போகலைங்க. காவலே இல்ல” என்றார்.

வயிற்றைக் கலக்கியது. நாலு மாதமாகக் கதவு மட்டும்தான் பூட்டியிருக்கிறது, அலாரம் விழித்துக்கொள்ளவே இல்லை. சாவி இல்லாமல் இஞ்சினைக் கிளப்ப முடியாது, அந்தப் பூட்டு வேறு. ஆனால் கதவை நெம்பித் திறந்து எடைக்கற்களைத் தூக்கிப்போனால் வண்டி வாயைத் திறந்திருக்காது.

அண்ணன் பானட்டைத் திறந்தார். ரேடியேட்டருக்கு மேலே, பானட்டைப் பிடித்துக்கொள்கிற கொக்கி. அதன் பக்கவாட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு பிளக், இரண்டு வயர். பானட் மூடியிருக்கிறதா என்று வண்டிக்குச் சொல்கிற சுவிட்ச் அதுதான். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இரண்டு பின்னிலும் பச்சைக் களிம்பு, புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கு மாதிரி. வாரா வாரம் ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குள் போய் வந்த ஈரம் அங்கேதான் இறங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் கீழே வந்து காய்ந்ததும் தொடர்பு கிடைத்தது, அப்புறம் களிம்பு ஏறி அடியோடு போய்விட்டது. பானட் திறந்தே கிடக்கிறது என்று நினைத்த வண்டி அலாரத்தைப் போடவில்லை, சத்தமும் கொடுக்கவில்லை.

வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். ரிமோட்டை அமுக்கினேன். கீக்.

இந்த வித்தையை எல்லா வண்டியிலும் செய்யாதீர்கள். சில வண்டிகளில் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்யும், பிளக்கைக் கழற்றினாலே மூடியதாக எடுத்துக்கொள்ளும். அதைவிட நல்ல வழி, பானட் திறந்திருக்கும்போதே கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி ‘டக்’ என்று மூடவிட்டு, பிறகு பூட்டிப் பார்ப்பது. பார்த்து முடித்ததும் உள்ளே இருக்கிற பானட் லீவரை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகுதான் பானட்டை இறக்க வேண்டும். மறந்து அடித்தால் கொக்கியும் போகும், பானட்டும் நெளியும்.

களிம்பைச் சுரண்டி, ஸ்ப்ரே அடித்து, கிரீஸ் தடவி 150 ரூபாய் வாங்கினார். மழை வந்தால் மறுபடி வரலாம், சுவிட்சைக் கொக்கி லாக்கோடு சேர்த்து மாற்றிவிடுங்கள் என்று அவரே சொன்னார். 14,000 எங்கே, 150 எங்கே.

வண்டி மேல் எனக்குக் கோபம் இதுதான். கதவு திறந்திருந்தால் படம் போட்டுக் காட்டுகிறாய். சீட் பெல்ட் போடாவிட்டால் மாமியார் மாதிரி விடாமல் சொல்கிறாய். பானட் திறந்திருப்பதாக நாலு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாயே, அதை ஒரு விளக்கில் காட்டினால் என்ன? நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தை அன்று ராத்திரி எடுத்துப் பிரித்தேன். கதவு, டிக்கி, பானட் இதில் எது திறந்திருந்தாலும் அலாரம் வேலை செய்யாது என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை ஆறு வருடமாக நான் பிரிக்கவே இல்லை. சர்வீஸ் சென்டரிலும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

மச்சினன் போன் வந்தது இந்தக் கடையிலிருந்து நான் வெளியே வந்த ஐந்தாவது நிமிடம். அதனால்தான் வேண்டாம் என்றேன். நேற்றும் கூப்பிட்டான், அப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்புறம் அவனாகப் போய்ப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாதே என்று இதையும் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை போகாதே, அந்த ரோட்டில் ஏற்காடு போகிற கூட்டத்தில் மாட்டிக்கொள்வாய். சனிக்கிழமை காலையில் போகலாம், நானும் வருகிறேன். கண்ணாடியை இறக்கிப் பூட்டிப் பார்ப்போம். கத்தவில்லை என்றால் பத்தாயிரம் குறைத்துக் கேள். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது.